வேட்டைக்காக வெட்டப்பட்ட பழைய ராணுவத் துப்பாக்கி... பழைய நிலைக்கு மாற்றலாமா, அப்படியே விடலாமா? முழு விவரம்

தாத்தா காலமான பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அலமாரிக்குள் ஒரு பழைய துப்பாக்கி கிடைக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இது அடிக்கடி நடக்கும் விஷயம். பார்த்தால் சாதாரண மான் வேட்டைத் துப்பாக்கி மாதிரிதான் இருக்கும். ஆனால் உலோகத்தில் இருக்கும் முத்திரைகளைக் கவனித்தால், அது ஏதோ ஒரு உலகப் போரில் ராணுவ வீரர் ஒருவரின் தோளில் தொங்கிய ஆயுதம் என்று தெரியவரும். இடையில் யாரோ அதன் மரப்பகுதியை வெட்டியிருப்பார்கள், முனையைக் குறைத்திருப்பார்கள், மேலே ஸ்கோப் மாட்ட ஓட்டை போட்டிருப்பார்கள்.

இப்போது அது பேரன் கையில். 'இதைப் பழையபடி ராணுவத் துப்பாக்கியாக மாற்றிவிடலாமா? இல்லை, தாத்தா வைத்திருந்த மாதிரியே விட்டுவிடலாமா?' என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

ராணுவத் துப்பாக்கியை ஏன் வெட்டினார்கள்?

பதில் ரொம்ப எளிது: விலை. போர் முடிந்ததும் ஒவ்வொரு நாட்டு ராணுவத்திடமும் லட்சக்கணக்கில் துப்பாக்கிகள் மிச்சமாகின. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, ஜெர்மனியின் மவுசர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903, இத்தாலியின் கார்கானோ, ஜப்பானின் அரிசாகா எனப் பல வகைகள் உபரி சரக்காகச் சந்தைக்கு வந்தன. கடையில் புது வேட்டைத் துப்பாக்கி வாங்கும் காசில் சிறு பகுதி இருந்தாலே ஒரு ராணுவத் துப்பாக்கி கைக்கு வந்துவிடும்.

ஆனால் ராணுவத் துப்பாக்கி கனமானது. குழல் முழுக்க மரம் மூடியிருக்கும், முனையில் பயனெட் மாட்டும் இடம் இருக்கும். காட்டில் நாள் முழுக்கச் சுமந்து நடக்கும் வேட்டைக்காரருக்கு இதெல்லாம் தேவையில்லாத சுமை. அதனால் முன்பக்க மரத்தை வெட்டினார்கள், பயனெட் பிடியை எடுத்தார்கள், குழலைக் குட்டையாக்கினார்கள். இப்படி மாற்றிய துப்பாக்கிக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ஸ்போர்ட்டர்' என்று பெயர். அந்தக் காலத்தில் யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. மலை மாதிரி குவிந்துகிடந்த சரக்கு அது.

நிலைமை எப்போது மாறியது?

அமெரிக்காவில் திருப்பம் 1968ல் வந்தது. அந்த ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் தனிநபருக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுத்தது. வெளிநாட்டு ராணுவ உபரித் துப்பாக்கிகளின் இறக்குமதியும் நின்றது. 1984ல்தான் சேகரிப்பாளர்களுக்கான பழைய துப்பாக்கிகளை மட்டும் மறுபடி இறக்குமதி செய்ய வழி விடப்பட்டது.

சரக்கு குறைந்தது, ஆசைப்படுபவர்கள் கூடினார்கள். வெட்டப்படாத துப்பாக்கிகளின் விலை ஏறியது. ஒரு காலத்தில் விறகு மாதிரி அறுத்துப்போட்ட முன்பக்க மரக்கட்டைக்கே இப்போது நல்ல விலை. 'பழையபடி மாற்றினால் என்ன?' என்ற கேள்வி அப்படித்தான் பிறந்தது.

எல்லா மாற்றமும் சேதமா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஒரு துப்பாக்கியில் தெரியும் வெட்டோ, தேய்ப்போ, ஓட்டையோ சில சமயம் அதன் வரலாற்றுக்கே சாட்சியாக இருக்கும். நான்கு உதாரணங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, ஜப்பானின் அரிசாகா. இதன் உலோகப் பகுதியில் பேரரசரைக் குறிக்கும் செவ்வந்திப்பூ முத்திரை இருக்கும். 1945ல் ஜப்பான் சரணடைந்த சமயத்தில் ஒப்படைக்கப்பட்ட ஏராளமான துப்பாக்கிகளில் இந்தப் பூ தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. பூ அழியாத துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் அதிக மதிப்பு என்பது உண்மைதான். அதற்காக அழிந்த பூவை மறுபடி செதுக்கினால், சரணடைந்ததன் அடையாளம் போய்விடும். கையில் மிஞ்சுவது போலி முத்திரை மட்டுமே.

இரண்டாவது, ஜெர்மனியின் மவுசர். போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் இதை நினைவுப்பொருளாக எடுத்துவந்தார்கள். துணிப்பைக்குள் அடங்கவில்லை என்பதால் முன்பக்க மரத்தை ரம்பத்தால் அறுத்தார்கள். குழலைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்துக்கு அடியில் அறுத்ததால், திரும்பப் பூட்டினால் வெட்டு வெளியே தெரியாது. இந்த வெட்டு இருந்தால், அந்தத் துப்பாக்கி ஒரு வீரரின் பையில் வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் பல சேகரிப்பாளர்கள் இதைத் தொடுவதில்லை.

மூன்றாவது, ஃபின்லாந்தின் எம் 39. ரஷ்யாவின் பழைய மோசின் நகான் துப்பாக்கிகளின் மையப் பகுதியை எடுத்து, புதுக் குழலும் புது மரமும் போட்டு ஃபின்லாந்து ராணுவம் உருவாக்கியது இது. இதை 'ரஷ்ய அசலுக்கு' மாற்றுகிறேன் என்று கிளம்பினால், ஃபின்லாந்தின் வரலாறு காணாமல் போய்விடும்.

நான்காவது உதாரணம் உலகத்துக்கே தெரிந்தது. 1963 நவம்பர் 22ல் அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் பயன்பட்டதாக விசாரணை ஆணையம் சொன்ன துப்பாக்கி, 1940ல் செய்யப்பட்ட ஒரு கார்கானோ. அதே ஆண்டு மார்ச்சில், சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் 19.95 டாலருக்கு வாங்கப்பட்டது. அனுப்பும் செலவோடு 21.45 டாலர். இத்தாலிய ராணுவம் தந்த வடிவில் அதில் ஸ்கோப் கிடையாது. விற்ற கடையே பொருத்தி அனுப்பியது. இன்று அது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கிறது. அந்த ஸ்கோப்பைக் கழற்றி 'அசல் வடிவத்துக்கு' மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? 

ஆக, முதல் கேள்வி 'எப்படி மாற்றுவது?' என்பது இல்லை. 'இந்த மாற்றத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள்?' என்பதுதான். ராணுவமோ, போர் வீரரோ, பேர்பெற்ற கைவினைஞரோ செய்த மாற்றம் என்றால் கை வைக்காமல் விடுவதே நல்லது.

பெரிய மனிதர்கள் வைத்திருந்த 'ஸ்போர்ட்டர்'

வேட்டைக்கென்று மாற்றியவை எல்லாமே மட்டமான வேலை என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்டுக்காக ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையே 1903 ரகத்தில் வேட்டை வடிவம் ஒன்றைச் செய்து கொடுத்தது. 1909ல் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அதை எடுத்துச் சென்றார். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே வைத்திருந்ததும் நியூயார்க்கின் கிரிஃபின் அண்டு ஹோவ் நிறுவனம் மாற்றியமைத்த ஸ்பிரிங்ஃபீல்டுதான். பிரிட்டனில் பர்மிங்காமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் லீ என்ஃபீல்டுகளை வேட்டைத் துப்பாக்கிகளாக்கி விற்றது.

இந்த மாதிரி பெயர் பொறித்த, நேர்த்தியான வேலைப்பாடு இருந்தால், அதை ராணுவ வடிவத்துக்குத் திருப்புவது நஷ்டத்தில்தான் முடியும். அதனால் மரத்தைக் கழற்றும் முன், குழலிலும் அடிப்பாகத்திலும் நிறுவன முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

திருப்ப முடிந்தது எது, முடியாதது எது?

மாற்றம் வீட்டுப் பட்டறையில் ரம்பமும் அரமும் வைத்துச் செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடுத்த கேள்வி: இதைத் திருப்ப முடியுமா?

திருப்ப முடிந்தவை: முன்பக்க மரம் வெட்டப்பட்டது, மேல்மூடி மரம் தொலைந்தது, இரும்பு வளையங்கள், முனை மூடி, பயனெட் பிடி கழற்றப்பட்டது. இவை எல்லாமே கழற்றிப் பூட்டும் பாகங்கள். அதே ரகத்தின் பாகம் கிடைத்தால் மாற்றிவிடலாம். லீ என்ஃபீல்டில் பலமுறை மரம் மட்டும்தான் வெட்டப்பட்டிருக்கும், குழல் முழு நீளத்தில் அப்படியே இருக்கும். மீட்பதற்கு மிகவும் ஏற்றது இந்த வகை.

திருப்ப முடியாதவை: ஸ்கோப்புக்காக மைய உலோகப் பகுதியில் போட்ட ஓட்டைகள், தேய்த்து அழித்த முத்திரைகள், வெட்டிய குழல். ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த எஃகு, குறிப்பிட்ட முறையில் சூடாக்கிப் பதப்படுத்தியது. கண்டபடி மறுபடி சூடேற்றினால் பலம் குறைந்து, சுடும்போது வெடிக்கும் அபாயம் உண்டு.

அமெரிக்காவின் எம் 1917 இதற்கு நல்ல உதாரணம். பின்புறக் குறிநோக்கியைப் பாதுகாக்க இரண்டு பக்கமும் காது மாதிரி தூக்கிய உலோகம் இருக்கும். ஸ்கோப் உட்கார இடம் வேண்டும் என்று பலர் அதை அரைத்துத் தள்ளினார்கள். அந்தக் காதுகள் தனிப் பாகம் இல்லை, மைய உலோகத்தோடு ஒரே துண்டு. அரைத்தது அரைத்ததுதான். புது மரம் மாட்டினாலும் அது ராணுவத் துப்பாக்கி ஆகாது.

குழலை வெட்டினார்களா என்பதை அறிய எளிய வழி, நீளத்தை அளப்பது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைத் தெரிந்த ஒருவர் உறுதிசெய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். லீ என்ஃபீல்டின் எஸ்எம்எல்இ, நம்பர் 4 இரண்டு ரகத்துக்கும் அசல் குழல் 25.2 அங்குலம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903க்கு 24 அங்குலம். மவுசர் கார் 98கேவுக்கு சுமார் 23.6 அங்குலம். அளவு குறைந்தால், முழு மீட்புக்கு வேறு குழலே மாற்ற வேண்டும். செலவு அங்கேதான் எகிறும்.

எல்லாம் பழைய பாகம்தானே... அப்போ அசல் ஆகிவிடாதா?

ஆகாது. ராணுவத் துப்பாக்கியில் முக்கியப் பாகங்களில் ஒரே எண்ணைப் பொறிப்பது பல நாடுகளில் வழக்கம். லீ என்ஃபீல்டில் மைய உலோகத்தில் இருக்கும் எண்ணே போல்ட் கைப்பிடியிலும் இருக்கும். எல்லா எண்ணும் ஒத்துப்போனால் மதிப்பு கூடும். வேறு துப்பாக்கியின் மரத்தையும் வளையத்தையும் பொருத்தினால் தோற்றம் கிடைக்கும், எண் பொருந்தாது. சிலர் எண்ணையே அழித்து வேறு எண் பொறிக்கிறார்கள். அதற்குப் பெயர் மீட்பு இல்லை, மோசடி. வரிசை எண்ணை அழிப்பது பல நாடுகளில் கடுமையான குற்றமும்கூட.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மீட்புக்குத் தேவைப்படும் பழைய பாகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இன்னொரு பழைய துப்பாக்கியிலிருந்துதான். நன்றாக இருக்கும் ஒன்றைப் பிரித்துப் பாகமாக விற்றால் கூடுதல் காசு என்று சிலர் அதையே செய்கிறார்கள். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை அழித்த கதைதான். இதைத் தவிர்க்க, புதிதாகச் செய்த மரக்கட்டையைப் போடலாம். ஆனால் அது புதுசு என்பதை உள்பக்கம் குறித்துவைப்பது அவசியம்.

கணக்கு போட்டுப் பாருங்கள்

புரிவதற்காக மட்டும் ஒரு கணக்கு. வெட்டப்படாத அசல் துப்பாக்கியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். வெட்டப்பட்டது 30க்குக் கிடைக்கிறது. மரம், வளையம், குறிநோக்கி எல்லாம் தேடி வாங்க 50. பொருத்தும் கூலி 20. ஆக மொத்தம் 100 போய்விட்டது. ஆனால் எண் பொருந்தாத, மீட்கப்பட்ட துப்பாக்கிக்குச் சந்தையில் அசல் விலை கிடைக்காது. 70க்கு விற்றால் 30 நஷ்டம்.

அப்படியென்றால் யார் மீட்கலாம்? லாபத்துக்காக இல்லாமல், குடும்ப நினைவுக்காகவோ, வேலை கற்றுக்கொள்ளவோ செய்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். கழற்றி எடுத்த அசல் பாகங்கள் கையிலேயே இருந்தால் இன்னும் நல்லது. தாத்தாவின் பட்டறையில், பரணில், பழைய பெட்டியில் ஒருமுறை தேடிப் பார்ப்பது வீண் போகாது.

செய்யவே கூடாத வேலைகள் இரண்டு. மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஒன்று, உலோகத்துக்குப் புதுசாகக் கறுப்பு ஏற்றுவது இன்னொன்று. மரத்தில் ஆய்வாளர் குத்திய முத்திரைகள் ஒரு தேய்ப்பில் போய்விடும். பளபளப்பு வரும், வயது போய்விடும். மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.

உயிருக்கு ஆபத்தான பகுதி இதுதான்

வடிவம் திரும்பியதும் சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். இங்கே கவனம் தப்பினால் உயிருக்கே ஆபத்து.

ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கிகளில், ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை செய்தவற்றில் வரிசை எண் 8,00,000க்குக் கீழே இருப்பவையும், ராக் ஐலண்டு தொழிற்சாலை செய்தவற்றில் சுமார் 2,85,500க்குக் கீழே இருப்பவையும் சுடுவதற்கு ஏற்றவை இல்லை என்று எச்சரிக்கப்படுகின்றன. காரணம், ஆரம்பகாலத்தில் எஃகைச் சூடாக்கிய முறை. அளவுக்கு மீறிச் சூடான எஃகு கண்ணாடி மாதிரி நொறுங்கும். 1917ல் இப்படிச் சில துப்பாக்கிகள் உடைந்த பிறகே விசாரணை நடந்து, முறை மாற்றப்பட்டது. இந்த எண்ணுக்குள் வருவதை எவ்வளவு அழகாக மீட்டாலும் சுவரில் மாட்டிவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆபத்து, தோட்டா. வேட்டைக்காக மாற்றும்போது சிலர் தோட்டா உட்காரும் அறையையே வேறு அளவுக்குக் குடைந்திருப்பார்கள். போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஜப்பானியத் தோட்டா கிடைக்காததால், 6.5 மில்லிமீட்டர் அரிசாகாக்கள் பல இப்படி மாற்றப்பட்டன. குழலில் எந்தக் குறிப்பும் இருக்காது. பழைய பெயரை நம்பித் தோட்டா போட்டால் விபத்துதான். அதோடு, போல்ட்டை மாற்றியிருந்தால் அது தோட்டாவை இறுக்கமாகப் பிடிக்கிறதா என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் அளவுகோல் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

நம்ம ஊர் 'த்ரீ நாட் த்ரீ'

லீ என்ஃபீல்டு இந்தியாவுக்குப் புதிதல்ல. போலீஸ்காரர் தோளில் பல தலைமுறை பார்த்த 'த்ரீ நாட் த்ரீ' அதுதான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் இது தயாரானது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு இதற்கு விடைகொடுத்தது.

இந்த ரகத்திலும் 'மாற்றம்தான் வரலாறு' என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. காவல் வேலைக்காக .303 துப்பாக்கிகளின் குழலை உள்ளே வழவழப்பான .410 குழலாக மாற்றி, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி இஷாப்பூரில் செய்தார்கள். பின்னாளில் இவை வெளிநாட்டுச் சந்தைகளுக்கும் போயின. இதை .303 ஆகத் திருப்ப நினைப்பது, ஒரு காலத்தின் காவல்முறைக்கான சாட்சியை அழிப்பதற்குச் சமம்.

இந்தியாவில் .303 தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால் பொதுமக்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் அதே லீ என்ஃபீல்டு அமைப்பில் .315 வேட்டைத் துப்பாக்கியை அரசுத் தொழிற்சாலையே தயாரித்து, உரிமம் உள்ளவர்களுக்கு விற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் 1898 வரை தயாரானவை 'பழம்பொருள்'. சேகரிப்பாளருக்கான தனிப் பிரிவில் சேர, 50 ஆண்டு பழமையோடு அசல் வடிவமும் பார்க்கப்படும். பிரிட்டனில் .303 துப்பாக்கியைச் சுடும் நிலையில் வைத்திருக்க போலீஸ் சான்றிதழ் வேண்டும், 'பழசுதானே' என்ற வாதம் எடுபடாது.

இந்தியாவில் 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் கறார். துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் மாற்றவும்கூட உரிமம் கட்டாயம். பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்காலப் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதை உரிமையாளரே முடிவு செய்துகொள்ள முடியாது. பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் கழற்றிப் பார்க்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதுதான் சரி.

முடிவெடுக்கும் முன் 6 கேள்விகள்

1. மாற்றியது யார்? ராணுவம், போர் வீரர், பெயர்பெற்ற நிறுவனம் என்றால் தொட வேண்டாம்.

2. மைய உலோகத்தில் ஓட்டையோ அரைப்போ இருக்கிறதா? இருந்தால் முழு மீட்பு சாத்தியமில்லை. வேட்டைத் துப்பாக்கியாகவே இருக்கட்டும்.

3. குழல் முழு நீளம் இருக்கிறதா? மரம் மட்டும் வெட்டப்பட்டிருந்தால் மீட்கத் தகுதியானது.

4. பாகம் எங்கிருந்து வருகிறது? இன்னொரு நல்ல துப்பாக்கியைப் பிரித்து எடுத்ததா?

5. செலவு போக மிச்சம் என்ன? லாபக் கணக்கு என்றால் பெரும்பாலும் உதைக்கும்.

6. சுடப் போகிறீர்களா? அப்படியானால் எண், தோட்டா அறை, போல்ட் மூன்றையும் நிபுணர் சோதிக்க வேண்டும்.

மீட்பது என்று முடிவெடுத்தால், தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெட்டப்பட்ட பழைய மரத்தைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்க வேண்டும். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடே வைத்துவிட வேண்டும். நாளை அதை வாங்குபவரோ, அடுத்த தலைமுறையோ அதைப் படித்தால் அசல் எது, சேர்த்தது எது என்று குழம்ப மாட்டார்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால், தாத்தா வைத்திருந்த நிலைக்கே திருப்பவும் முடியும்.